பழைய தேக்கு அலமாரி: வெள்ளை பெயிண்ட்டில் பழுப்புக் கறை, ஓரத்தில் உரியுது

டோல்கேட்வாசி:
தாத்தா காலத்து தேக்கு அலமாரி. ஆறடி உயரம், மூணரை அடி அகலம், ஒன்றரை அடி ஆழம். ரெண்டு கதவு, கீழே ஒரு டிராயர். பழைய ஸ்பிரிட் பாலிஷ் கறுத்துப்போனதால பெயிண்டரை வெச்சு வெள்ளை அடிச்சோம். தண்ணி பிரைமர் ஒரு கோட், மேல எனாமல் ரெண்டு கோட். ஒரு மாசத்துல கதவுப் பலகை பூரா டீ சிந்தின மாதிரி திட்டுத்திட்டா பழுப்பு. ஆணி இருக்கற இடத்துல நீலக்கறுப்பா வட்டம். இன்னொரு கோட் அடிச்சும் கறை மேல வந்துடுச்சு. நகத்தால நெம்பினா ஓரத்துல தோலா உரியுது. டிராயர் மூட்டு ஆடுது, கால் அடியில மரம் மெத்துனு இருக்கு. வீடு சென்னை காசிமேடு பக்கம், உப்புக்காத்து. திரும்பவும் வெள்ளைதான் வேணும். எதுல ஆரம்பிக்கறது?

உளியும் உப்புத்தாளும்:
உங்களுக்கு இருக்கறது ரெண்டு தனித்தனி கோளாறு. உரியறதுக்குக் காரணம், பளபளப்பான பாலிஷையும் அதுல ஊறின மெழுகையும் தேய்க்காம மேலயே பிரைமர் அடிச்சது. கறைக்குக் காரணம், தேக்கோட சாறும் பழைய பாலிஷ்ல கலந்த சாயமும். தண்ணி பிரைமர் அதைக் கரைச்சு மேல இழுத்துட்டு வந்துடும். வெள்ளையை எத்தனை கோட் அடிச்சாலும் அது நிக்காது. ஆணி வட்டம் வேற கதை: இரும்பும் தேக்கோட துவர்ப்பும் ஈரத்துல சேர்ந்தா அந்தக் கறுப்புதான் வரும்.

பிளேடால குறுக்கும் நெடுக்கும் கீறி, மேல டேப் ஒட்டி வெடுக்குனு இழுங்க. கட்டம் கட்டமா வந்துட்டா மொத்தத்தையும் எடுத்துத்தான் ஆகணும். பெயிண்ட் ரிமூவரைத் தடிமனா பூசி, பாலிதீன் போட்டு 20 நிமிஷம் மூடி வைங்க, அப்புறம் மழுங்கின பட்டிக்கத்தியால ரேகை போற பக்கமாவே வழிச்சு எடுங்க. மொட்டைமாடியில செய்யுங்க, மூடின ரூம்ல வேணாம். பலர் கோட்டை விடற இடம் இதுக்கு அப்புறம்தான். ரிமூவர் சீக்கிரம் ஆவியாகாம இருக்க அதுல மெழுகு கலந்திருப்பாங்க. வழிச்சதும் தின்னர்ல நனைச்ச துணியால ரெண்டு தரம், துணியை மாத்தி மாத்தித் துடைக்கலைன்னா அந்த மெழுகே அடுத்த பெயிண்ட்டை ஒட்ட விடாது. அப்புறம் 120 நம்பர் உப்புத்தாள், அடுத்து 180 நம்பர். பெயிண்ட்டுக்கு அதோட போதும். இன்னும் நைஸா தேய்ச்சா பிடிப்பு போயிடும்.

அடியில பழைய காலத்துப் பெயிண்ட் ஏதாவது தெரிஞ்சா காய்ஞ்ச நிலையில தேய்க்காதீங்க. வீட்டு பெயிண்ட்ல ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்துல 90 பங்கு) மேல கூடாதுங்கற விதி இங்க 2017 நவம்பர்லதான் அமலுக்கு வந்துது. நனைச்சுத் தேய்ச்சு, தூளை ஈரத்துணியால வழிச்சு எடுங்க. குழந்தைங்களைப் பக்கத்துல விட வேணாம்.

அரக்குப்பட்டறை:
சார் சொன்னதுக்கு அப்புறம், பிரைமருக்கு முன்னாடி அரக்கு அடிக்கணும். கறையைக் கட்டறது அதுதான். மெழுகு நீக்கின செதில் அரக்கா கேட்டு வாங்குங்க, மெழுகோட இருக்கறதுல மேல அடிக்கற பெயிண்ட் சரியா பிடிக்காது. உங்க அலமாரிக்கு வெளிப்பக்கம் கிட்டத்தட்ட 45 சதுரஅடி வரும். 100 கிராம் அரக்கை அரை லிட்டர் ஸ்பிரிட்ல போட்டு ராத்திரி ஊற விட்டா ரெண்டு கோட்டுக்குத் தாராளம். கண்ணாடி ஜாடியில ஊறப்போடுங்க. இரும்பு டப்பா பட்டா அரக்கு கறுத்துடும். காலையில மல்துணியில வடிகட்டிக்கோங்க.

ஏற்கெனவே கலந்து பல மாசம் கிடந்த அரக்கை நம்பாதீங்க, ஸ்பிரிட்லயே கெட்டுப்போய் காயவே காயாது. கண்ணாடியில ஒரு சொட்டு விட்டு, ஒரு மணி நேரம் கழிச்சும் பிசுக்குன்னு இருந்தா கொட்டிடுங்க. ஒரு கோட்டுக்கும் அடுத்ததுக்கும் ஒரு மணி நேரம் இடைவெளி, நடுவுல 320 தாளால லேசா ஒரு தடவல். அப்புறம் எண்ணெய் பிரைமர், பட்டி, எனாமல் ரெண்டு கோட். எனாமல் ஒரு லிட்டர் போதும்.

நீலக்கறுப்பு வட்டத்துக்கு, அரக்கு அடிக்கறதுக்கு முன்னாடியே, ஆக்சாலிக் அமிலம்: ஒரு லிட்டர் வெந்நீர்ல 50 கிராம், கையுறை கட்டாயம். ஆணித்தலையை உள்ள தட்டி இறக்கிட்டுப் பூசுங்க. கறுப்பு வெளுத்ததும் நல்ல தண்ணியால ரெண்டு மூணு தரம் கழுவி, ரெண்டு நாள் காய விடுங்க. ஆணிக்குழியில ஒரு துளி அரக்கு விட்டுட்டுத்தான் பட்டி வைக்கணும். அமிலம், அரக்கு ரெண்டும் கோவிந்தப்ப நாயக்கன் தெரு கெமிக்கல் கடைகள்ல கேட்டுப் பாருங்க.

பர்மாதேக்கு:
கேட்காமலே சொல்றேன். மொத்தத்தையும் உரிச்சு எடுத்த பிறகு உள்ள மரம் நல்ல ரேகையோட இருந்தா வெள்ளையே வேணாம். வெறும் அரக்குல பாலிஷ் போட்டு விடுங்க, விலையும் நிக்கும். ரேகை இல்லாத மரம்னாலோ நிறைய ஒட்டுப்போட்டிருந்தாலோ தாராளமா பெயிண்ட் அடிங்க.

பெயிண்ட்தான்னா ஒரு விஷயம். கதவுப் பலகை சட்டத்தோட காடியில (நீளப் பள்ளத்துல) சும்மா சொருகித்தான் இருக்கும், மழைக்கு விரியும், வெயிலுக்குச் சுருங்கும். அந்தக் காடியில பட்டி வெச்சு அடைச்சா ஒரே வருஷத்துல பலகை பிளக்கும், இல்லைனா பெயிண்ட்ல கோடு விழும். பலகையோட உள்பக்கத்துக்கும் ஒரு கோட் அரக்கு கொடுங்க. ஒரு பக்கம் மட்டும் அடைச்சா பலகை வளையும்.

டோல்கேட்வாசி:
ரொம்ப நன்றிங்க. வெள்ளைதான், வீட்ல முடிவாயிடுச்சு. மூட்டும் காலும்? ஐப்பசியிலயே ஆரம்பிக்கலாமா?

உளியும் உப்புத்தாளும்:
மூட்டுல இருக்கறது பழைய வச்சிரமாத்தான் (தோல், எலும்புல காய்ச்சின பசை) இருக்கும். அதுமேல பெவிகால் ஊத்தினா பிடிக்காது. வெந்நீர்த் துணியைச் சுத்தி ஊற விட்டா இளகும், பிரிச்சு பழசைச் சுரண்டிட்டு, தேக்கு எண்ணெய்ப் பசை உள்ள மரம்ங்கறதால தின்னர்ல துடைச்சுட்டு ஒட்டுங்க. பருத்திக் கயிறு கட்டி நடுவுல குச்சி விட்டு முறுக்கினா கிளாம்ப் வேணாம். முறுக்கினதும் மூலைக்கு மூலை டேப்பால அளங்க. ரெண்டு அளவும் ஒண்ணா இருந்தாத்தான் டிராயர் சதுரம்.

கால் மெத்துனு போனது தரை துடைக்கற தண்ணி அடியிலேர்ந்து ஏறினதால. கத்தி நுனியால குத்திப் பாருங்க. காலிஞ்சுக்கு மேல இறங்கினா அறுத்துட்டுப் புதுத் தேக்குத் துண்டு சேருங்க. இல்லைனா நல்லா காய வெச்சு அரால்டைட்டை லேசா சூடுகாட்டி அடிவெட்டுல ஊற விட்டு, ஒரு நைலான் புஷ் அடிங்க. மண் கோடு ஏதாவது தெரிஞ்சா அது கரையான். அலமாரி நிக்கற சுவரைத்தான் முதல்ல பாருங்க.

அரக்குப்பட்டறை:
ஐப்பசி கார்த்திகையில அரக்கு, எனாமல் ரெண்டும் வேணாம். ஈரக்காத்துல அரக்கு பால் மாதிரி வெளுக்கும். அப்படி ஆயிட்டா காய்ஞ்ச நாள்ல ஸ்பிரிட் தொட்ட துணியால ஒரு இழு இழுத்தா தெளிஞ்சுடும். உரிக்கறது, மூட்டு வேலையை இப்ப முடிங்க, பூச்சை தைக்குத் தள்ளுங்க. காலை பனி விலகி பத்து மணிக்கு மேல ஆரம்பிச்சு மூணு மணிக்குள்ள நிறுத்துங்க, கடல்காத்து ஏறிட்டா எனாமல்ல தூசு ஒட்டும். கீலுக்கு இரும்பு மறையாணி போடாதீங்க, பித்தளை போடுங்க. அடிச்சு முடிச்சாலும் ஒரு வாரம் கதவை முழுசா சாத்தாதீங்க, ஒட்டிக்கும்.