மே மாதமா, பொங்கல் லீவா? கோத்தகிரியிலிருந்து கடற்கரை ரிசார்ட்டுக்குக் குடும்பத்தோடு போக ஆலோசனை வேண்டும்

கட்டபெட்டு வாசி (கேள்வி)

எல்லாருக்கும் வணக்கம். வீட்டுக்காரர், நான், 9 வயசுப் பொண்ணு, 4 வயசுப் பையன், 68 வயசு மாமியார், மொத்தம் அஞ்சு பேர். கடலை ஒட்டின ரிசார்ட்ல மூணு ராத்திரி தங்கற மாதிரி யோசனை. ஆலப்புழா பக்கம் மாராரிக்குளம் பார்த்து வெச்சிருக்கோம், இன்னும் முன்பணம் கட்டலை. சொந்தக் கார்லதான் போறோம். ஸ்கூல் லீவுன்னு மே மாசம் நினைச்சோம், பொங்கல் லீவையொட்டிப் போனா நல்லதுன்னும் சிலர் சொல்றாங்க. எது சரி? பசங்க ரெண்டு பேருக்கும் நீச்சல் தெரியாது. மாமியாருக்கு பிரஷர் மாத்திரையும் முட்டி வலியும் இருக்கு. ரூம் புக் பண்றப்போ என்னென்ன கேட்டுக்கணும்?

பர்லியார் வளைவு

மே வேண்டாங்க அக்கா. நம்ம ஊர்ல ஸ்வெட்டரோட இருக்கற குழந்தைகளை ஒரே நாள்ல 33, 34 டிகிரிக்கு இறக்குறோம். அதுக்கு மேல கடலோரத்துப் புழுக்கம். உடம்பு அந்தச் சூட்டுக்குப் பழக ஒரு வாரம், பத்து நாள் ஆகும், நீங்க தங்கறதோ மூணு ராத்திரி. பழகறதுக்குள்ள கிளம்பற நாள் வந்துடும்.

வெயிலை விடுங்க, முக்கியமான காரணம் கடல். ஏப்ரல், மே மாசங்கள்ல கேரளக் கரையிலயும் குமரிக் கரையிலயும் கள்ளக்கடல் அடிக்கும். தெற்கே வெகுதூரத்துல, இந்தியப் பெருங்கடலோட அடிக்கோடியில வீசற புயல்காத்துல கிளம்பற நீண்ட அலை, சில நாள் பயணம் பண்ணி இங்க வந்து சேரும். கரையில மேகமும் இருக்காது, காத்தும் இருக்காது. வானம் பளிச்சுனு இருக்கறப்பவே தண்ணி வழக்கமான கோட்டைத் தாண்டி ஏறிடும். 2024 மே மாசம் குமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில மருத்துவ மாணவர்கள் அஞ்சு பேர் இப்படித்தான் போனாங்க. ஹைதராபாத்ல இருக்கற இன்காய்ஸ்ங்கற கடல் தகவல் மையம் முன்கூட்டியே எச்சரிக்கை விடுது. அந்த எச்சரிக்கை இருக்கற நாள்ல கால் நனைக்கக்கூட இறங்கக் கூடாது.

ஜூன்லேர்ந்து செப்டம்பர் வரைக்கும் தென்மேற்குப் பருவமழை, மேற்குக் கரையில குளியலே கிடையாது. ஜனவரி நடுவுலேர்ந்து மார்ச் தொடக்கம் வரைதான் அங்க கடல் அமைதி. தண்ணி கிட்டத்தட்ட 28 டிகிரி இருக்கும், பசங்களுக்குக் குளிராது. நம்ம பக்கம் அப்போ உறைபனி, தேயிலை வரத்து குறைவு, தோட்டத்தை விட்டுட்டுப் போறதும் சுலபம். மே மாசத்துல பறிப்பும் இருக்கும், சீசன் கூட்டத்துல ரோடும் நகராது.

ஒரே ஒரு கவனம். மகர விளக்கு முடியற வரைக்கும், அதாவது ஜனவரி 14 இல்லாட்டி 15 வரை, பாலக்காடு – திருச்சூர் ரோட்ல சபரிமலை வண்டிகள் நெருக்கும். பொங்கலுக்கு மறுநாள் கிளம்பினா நல்லது.

சிம்ஸ் பார்க்

அறை பதிவு செய்வதைப் பற்றி. விளம்பரத்தில் 'பீச் ரிசார்ட்' என்று இருந்தால் கடல் வாசலில் இருக்கும் என்று அர்த்தமில்லை. நடுவில் சாலை ஓடலாம். கடலரிப்பைத் தடுக்கக் கொட்டிய பாறைச் சுவர் இருக்கலாம். செல்லானம் பக்கம் போல நாலுகால் கான்கிரீட் கட்டிகளை அடுக்கிய கரையாகவும் இருக்கலாம். அங்கே கடலைப் பார்க்கலாம், குழந்தை மணலில் விளையாட முடியாது. கூகுள் வரைபடத்தில் செயற்கைக்கோள் படத்தைத் திறந்து, கட்டடத்திலிருந்து தண்ணீர் வரை அளந்து பாருங்கள். அந்தப் படம் பழையதாக இருக்கக்கூடும். மழைக்காலத்தில் கடல் மணலை அரித்துக்கொண்டு போகும், பிறகு மெதுவாகத் திரும்பச் சேர்க்கும். அதனால் வரவேற்பறைக்கு வாட்ஸ்அப் செய்து, இந்த வாரம் எடுத்த கரை வீடியோ ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். அனுப்பத் தயங்கும் இடத்தை விட்டுவிடலாம்.

மாராரிக்குளம் உங்கள் குடும்பத்துக்கு ஏற்ற தேர்வு. கரை தட்டையானது, மாமியார் நடந்தே போய்விடலாம். வர்க்கலாவில் செங்குத்தான பாறை விளிம்பின் மேல் விடுதிகள், கடலுக்குப் படி இறங்க வேண்டும். முட்டி வலிக்கு அது ஆகாது.

உணவுத் திட்டத்தில் சி.பி. என்றால் காலைச் சாப்பாடு மட்டும். எம்.ஏ.பி. என்றால் காலையோடு இன்னொரு வேளை, பெரும்பாலும் இரவு. ஏ.பி. என்றால் மூன்று வேளையும். சின்னக் குழந்தைகளோடு போகிறவர்களுக்கு எம்.ஏ.பி. நல்லது. இருட்டிய பிறகு கடலோரத்தில் ஹோட்டல் தேடி அலைய வேண்டாம், மதியம் வெளியே மீன் சாப்பாடு சாப்பிட்டுக்கொள்ளலாம். 4 வயதுக்குப் பெரும்பாலும் இலவசம். 9 வயதுக்குத் தனி மெத்தையும் சாப்பாடும் கணக்கில் வரும். அந்தத் தொகையை எழுத்தில் வாங்குங்கள். கிறிஸ்துமஸ் முதல் புத்தாண்டு வரை பல இடங்களில் விருந்துக் கட்டணத்தையும் கட்டாயமாகச் சேர்ப்பார்கள்.

வரியையும் பாருங்கள். 2025 செப்டம்பர் 22 முதல், ஒரு இரவு வாடகை 7,500 ரூபாய் வரை உள்ள அறைக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம். அதைத் தாண்டினால் 18. 7,400 ரூபாய் அறை வரியோடு 7,770 ஆகும், 7,600 ரூபாய் அறை 8,968 ஆகிவிடும். வெறும் 200 ரூபாய் வித்தியாசம் கையில் 1,198 ரூபாயாக வந்து நிற்கிறது. 7,500-ஐ ஒட்டி விலை சொன்னால் கொஞ்சம் பேசிக் குறைக்கப் பாருங்கள்.

நீச்சல் குளத்தில் பருத்தி உடை, புடவை, சுடிதாரோடு இறங்க விடமாட்டார்கள். நூல் பிரிந்து வடிகட்டியை அடைக்கும் என்பது காரணம். நைலான் உடை எல்லாருக்கும் கோவையிலேயே வாங்கிவிடுங்கள். ரிசார்ட் கடையில் விலை கூடுதல். தரைத்தள அறை, வெஸ்டர்ன் டாய்லெட், பக்கத்தில் பிடிமானக் கம்பி மூன்றையும் முன்பணம் கட்டும் முன்பே உறுதிசெய்துகொள்ளுங்கள்.

அலை நேரம்

நீச்சல் தெரியாத பிள்ளைகளைக் கடலில் இறக்குவது பற்றி யாராவது விளக்கமாகச் சொல்ல வேண்டும், அதனால் எழுதுகிறேன்.

கரையில் நின்று ஐந்து நிமிடம் அலையை மட்டும் பாருங்கள். வரிசையாக வெள்ளை நுரையோடு உடைந்துகொண்டே வரும். நடுவில் ஓரிடத்தில் மட்டும் அலை உடையாமல், கொஞ்சம் கலங்கிய நிறத்தில், அமைதியாக இருக்கும். கூர்ந்து பார்த்தால் அங்கே நுரையும் குப்பையும் கடலை நோக்கிப் போய்க்கொண்டிருக்கும். ஊர் புதிதானவர்கள் அலை இல்லை என்று குழந்தையோடு இறங்குவது அந்த இடத்தில்தான். அலைகள் கொண்டுவந்து குவித்த தண்ணீரெல்லாம் திரும்பிப் போகும் வாய்க்கால் அது. இழுத்தால் பெரியவர்களையும் நிற்க விடாது. மாட்டிக்கொண்டால் கரையை நோக்கி நீந்தக் கூடாது, அதில்தான் சோர்ந்து மூழ்குகிறார்கள். அந்த ஓட்டம் அகலம் குறைந்தது, மிதந்தபடி கையைத் தூக்கிக் காட்டி, கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகர்ந்தால் வெளியே வந்துவிடலாம்.

4 வயதுப் பிள்ளைக்கு அவன் முழங்கால் அளவுத் தண்ணீர் போதும், அதிலும் ஒருவர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். இரண்டு பிள்ளைக்கு இரண்டு பெரியவர்கள். போன் பார்க்கிறவர் கணக்கில் சேரமாட்டார். பாட்டியைக் காவல் வைப்பது சரிவராது. முட்டி வலியோடு அவர்களால் ஓடிப்போய்த் தூக்க முடியாது.

காற்றடைத்த டியூப், கைப்பட்டை எல்லாம் குளத்தோடு இருக்கட்டும். கடலோரத்தில் காலையில் காற்று தரையிலிருந்து கடலுக்கு வீசும். தண்ணீர் அமைதியாகத் தெரியும் அந்த நேரத்தில்தான் டியூப் குழந்தையோடு உள்ளே நகரும்.

கரைக்காவலர் எத்தனை மணி வரை இருப்பார் என்று கேளுங்கள். சிவப்புக் கொடி நட்டிருந்தால் இறங்காதீர்கள். சொறி மீன் (ஜெல்லி மீன்) பட்டால் நல்ல தண்ணீர் ஊற்றக் கூடாது, தேய்க்கவும் கூடாது. கடல்நீரால் கழுவி, ஒட்டியிருக்கும் இழையை இடுக்கியால் எடுத்துவிட்டு, பொறுக்கக்கூடிய அளவு வெந்நீரில் 20 நிமிடம் அந்த இடத்தை வையுங்கள். மூச்சு முட்டினால் நேராக மருத்துவமனை.

கட்டபெட்டு வாசி

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. பொங்கலுக்கு மறுநாள்னு முடிவு பண்ணிட்டோம். மாமியார் சாப்பிடற மாத்திரையில நீர் போற மாத்திரையும் ஒண்ணு இருக்கு. அது பரவாயில்லையா? வெயிலுக்குக் கிரீம் எவ்வளவு வாங்கணும்? ஒரு டியூப் போதுமா?

பர்லியார் வளைவு

அக்கா, நீர் போற மாத்திரை இருந்தா கிளம்பறதுக்கு ஒரு வாரம் முன்னாடியே டாக்டரைப் பார்த்துடுங்க. கடலோரத்துல வேர்வையா நிறைய தண்ணியும் உப்பும் போகும், மாத்திரையும் சேர்ந்து எடுத்துட்டா பிரஷர் இறங்கித் தலை சுத்தும். அளவைக் குறைக்கணுமா, எவ்வளவு தண்ணி குடிக்கலாம், ஓ.ஆர்.எஸ். (உப்பு-சர்க்கரைக் கரைசல்) கொடுக்கலாமா எல்லாம் டாக்டர்தான் சொல்லணும். நாமளா நிறுத்தக் கூடாது. பசங்களுக்கு ஓ.ஆர்.எஸ். பாக்கெட் வாங்கி வெச்சுக்கங்க. பெரிய பாக்கெட்னா முழுசையும் ஒரு லிட்டர் தண்ணியில கலக்கணும், பாதிப் பாக்கெட்டை டம்ளர்ல கலக்கிக் கொடுத்தா உப்பு கூடிடும்.

கிரீம் ஒரு டியூப் நிச்சயமா பத்தாது. பெரியவங்களுக்கு உடம்பு முழுக்கப் பூச ஒரு தடவைக்கு 30 மில்லி வேணும். முகம், கழுத்துக்கு மட்டும் ஒரு டீஸ்பூன். ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவையும், தண்ணியை விட்டு வந்த உடனேயும் மறுபடி பூசணும். வெயிலைத் தடுக்கற அளவு, அதாவது எஸ்.பி.எஃப்., 30-க்குக் குறையாம வாங்குங்க. 50 மில்லி டியூப் ஒரே காலையில காலியாயிடும். அதனால பசங்களுக்கு முழுக்கை நீச்சல் சட்டை போட்டுட்டா முகம், கழுத்து, கால் மட்டும் பூசினாப் போதும். பத்து மணியிலேர்ந்து நாலு மணி வரைக்கும் மணல்ல வேலை வேண்டாம்.

ஏ.சி.யை 26-க்குக் கீழ வைக்காதீங்க. சாயங்காலம் கொசு இருக்கும், நம்ம ஊர் மாதிரி நினைச்சு ஜன்னலைத் திறந்து போட்டுடாதீங்க.

கூடலூர்க்காரன்

ரூட் சுருக்கமா. கோத்தகிரி, மேட்டுப்பாளையம், கோவை பைபாஸ், வாளையார், குதிரான் சுரங்கம், திருச்சூர், இடப்பள்ளி, அரூர், சேர்த்தலை, மாராரிக்குளம். சுமார் 300 கிலோமீட்டர். விடிகாலை அஞ்சு மணிக்குக் கிளம்பினா, நிறுத்தி நிறுத்திப் போனாலும் மதியம் ரெண்டு மணிக்கு ரூம் கொடுக்கற நேரத்துக்குச் சேர்ந்துடலாம். அரூர் – துறவூர் நடுவுல மேம்பாலச் சாலை வேலை முடியலைன்னா வண்டி ஊர்ந்துதான் போகும், அந்த 13 கிலோமீட்டருக்குத் தனியா நேரம் ஒதுக்குங்க. இறக்கத்துல காது அடைக்கும், குட்டிப் பையனுக்கு வாயில ஏதாவது சப்பக் கொடுத்துட்டே வாங்க.

திரும்பி வர்றப்போ ரெண்டு விஷயம். கீழ இறுக்கி மூடின ஷாம்பு, கிரீம் பாட்டிலை மேல வந்து திறந்தா பீச்சி அடிக்கும், மூடியை மெதுவா தளர்த்துங்க. ரிசார்ட்ல கொடுத்த ஒரு லிட்டர், ரெண்டு லிட்டர் பிளாஸ்டிக் தண்ணி பாட்டிலை வண்டியில போட்டுட்டு வராதீங்க, நீலகிரியில அதுக்குத் தடை, குஞ்சப்பனை செக்போஸ்ட்ல எடுத்துடுவாங்க. உள்ளூர் வண்டின்னு விட மாட்டாங்க. எவர்சில்வர் பாட்டில் நாலு கொண்டு போயிட்டா போக வர ரெண்டுக்கும் ஆச்சு.