பொருள்: கேம் ஸ்ட்ரீமிங் பெட்டிக்கு ‘கடைமடைப் பெட்டி’ என்ற பெயர்

குழுவில் எல்லோருக்கும் வணக்கம்ங்க. வேறொரு கணினியில் ஓடும் கேமை டிவியில் காட்டும் சின்னப் பெட்டிக்கு ‘கடைமடைப் பெட்டி’ என்று தமிழில் பெயர் வைக்கலாம் என்பது என் யோசனை. அதற்கு வந்த கேள்விகளுக்கு இதோ என் பதில்.

> ‘விளையாட்டுப் பெட்டி’ என்றே வைத்துவிடலாமே. எளிமையாக இருக்கிறது.

எளிமைதான். ஆனால் பிளேஸ்டேஷனும் விளையாட்டுப் பெட்டிதானே? இரண்டும் வேறு என்பது பிரித்துப் பார்த்தால் கண்ணுக்கே தெரியும். என்னிடம் இருக்கும் ஸ்டீம் லிங்க்கைக் கழற்றி மேசைமேல் போட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். வால்வ் என்ற கேம் நிறுவனம் 2015 நவம்பரில் விற்கத் தொடங்கி 2018இல் நிறுத்திய ஸ்ட்ரீமிங் பெட்டி இது. உள்ளே விசிறி கிடையாது, ஹார்ட் டிஸ்க் கிடையாது, கிராஃபிக்ஸ் கார்டு கிடையாது. சின்னதாக ஒரு சர்க்யூட் போர்டு. அதில் மார்வெல் (Marvell) நிறுவனத்தின் சிப், 512 எம்.பி. ரேம், கொஞ்சம் ஃபிளாஷ் சேமிப்பு. இன்றைய பெரிய கேம் ஒன்றுகூட அதில் அடங்காது.

அடங்க வேண்டியதும் இல்லை. கேம் ஓடுவது அடுத்த அறைக் கணினியில். அது படத்தைச் சுருக்கி வீட்டு நெட்வொர்க்கில் விடுகிறது. பெட்டி அதை விரித்து டிவிக்குக் கொடுக்கிறது. நாம் அழுத்தும் பொத்தானைக் கணினிக்குத் திருப்பி அனுப்புகிறது. விளையாட்டு இங்கே நடக்கவே இல்லைங்க.

> அப்படியானால் ‘ஓடை ஏற்பி’ (ஸ்ட்ரீம் ரிசீவர்)?

பிழையில்லை. ஆனால் ரேடியோ முதல் டிஷ் வரை எல்லாமே ஏற்பிதான். ‘கடைமடை’ என்று சொல்லிப் பாருங்கள், எங்கள் ஈரோட்டுப் பக்கம் யாருக்கும் விளக்கம் வேண்டாம்: வாய்க்காலின் கடைசியில் தண்ணீர் வாங்கும் இடம். வாய்க்கால் தொடங்கும் இடம் தலைமடை. பவானிசாகர் அணையில் திறக்கும் தண்ணீர் கீழ்பவானி வாய்க்காலில் ஏறத்தாழ 200 கி.மீ. ஓடித்தான் கடைசி வயலுக்குப் போய்ச் சேர வேண்டும். நடுவில் எங்கே கரை உடைந்தாலும் காய்வது கடைமடைதான். இந்தப் பெட்டிக்கும் அதே கதி. கணினி படத்தைச் சுருக்கத் தாமதித்தாலும், வைஃபை திணறினாலும், கோளாறு தெரிவது டிவியில். நொடிக்கு 60 படம் ஓட வேண்டுமென்றால் ஒரு படத்துக்குக் கிடைப்பது 16.7 மில்லிநொடி. அந்தக் கணக்குக்குப் படம் வந்து சேராவிட்டால் காட்சி விட்டுவிட்டு ஓடும். உடனே பெட்டியைத் திட்டுகிறோம். அடைப்பு பெரும்பாலும் மேலேதான் இருக்கும். ‘கடைமடை’ என்ற பெயரே அங்கே போய்ப் பார்க்கச் சொல்கிறது. அனுப்பும் கணினிக்கு ‘தலைமடைக் கணினி’ என்று இணைச்சொல்லும் கைக்குக் கிடைத்துவிடுகிறது.

> பொத்தான் அழுத்தம் மேலே போகிறதே, வாய்க்காலில் தண்ணீர் மேலேறாதே?

நல்ல கேள்வி, நானும் யோசித்தேன். பெயர் குறிப்பது பெட்டி இருக்கும் இடத்தை, ஓட்டத்தின் திசையை அல்ல. அதனால் என்னைப் பொறுத்தவரை இது தடையில்லை. திரும்பிப் போகும் அழுத்தத்துக்குத் தனிச்சொல் தேவையென்றால் தனி இழையில் பேசலாம்.

உதவிப் பக்கத்தில் இப்படி எழுதலாம் என நினைக்கிறேன்: “கடைமடைப் பெட்டியை ரவுட்டருடன் கேபிளில் இணைக்கவும். தலைமடைக் கணினியும் கேபிளில் இருந்தால் இன்னும் நல்லது.” வாய்விட்டுப் படித்துப் பார்த்து, எங்கே இடறுகிறது என்று சொல்லுங்க.