பல்கலை அணியில ஆடிக்கிட்டே டெக்னாலஜி டிரான்ஸ்ஃபர் ஆபீஸ்ல இன்டர்ன்ஷிப்: நடக்குமா?

பாலாற்று_மணல்:
வேலூர் பக்கம் கலை அறிவியல் கல்லூரி, பி.எஸ்ஸி. இயற்பியல் ரெண்டாம் வருஷம். பல்கலை வாலிபால் அணியில இருக்கேன். காலைல 5.30லேருந்து 7.30, சாயங்காலம் 4லேருந்து 6.30 கிரவுண்டு. 4 கிரெடிட் இன்டர்ன்ஷிப்பை ஒரு பல்கலையோட டெக்னாலஜி டிரான்ஸ்ஃபர் ஆபீஸ்ல பண்ணலாம்னு துறைத்தலைவர் சொல்றார். சட்டமும் தெரியாது, வியாபாரமும் தெரியாது. என்ன வேலை தருவாங்க? மண்டலப் போட்டிக்குப் பத்து நாள் போயிட்டா சிக்கலா? ஆட்டக்காரன்ங்கறதால அங்க ஏதாவது பிரயோஜனம் உண்டா, இல்ல ஜெராக்ஸ் எடுக்க விட்டுடுவாங்களா?

கோட்டை_அகழி:
ஜெராக்ஸ் பயம் வேணாம், பெரும்பாலும் ஆள் பத்தாத ஆபீஸ்கள்தான். முதல்ல ஒண்ணு. இன்குபேட்டர் வேற, இது வேற. 2003லேருந்து இருக்கற வி.ஐ.டி. டி.பி.ஐ. (டெக்னாலஜி பிசினஸ் இன்குபேட்டர்) மாதிரி இடங்கள் புதுசா கம்பெனி ஆரம்பிக்கறவங்களைத் தூக்கிவிடற வேலை. டிரான்ஸ்ஃபர் ஆபீஸ் பேராசிரியரோட கண்டுபிடிப்புக்குக் காப்புரிமை வாங்கி, அதை ஏற்கெனவே இருக்கற கம்பெனிக்கு லைசென்ஸ் கொடுக்கும். சில இடத்துல ரெண்டும் ஒரே மாடியில இருக்கும், எதுல சேர்க்கறாங்கன்னு கேட்டுக்குங்க.

முதல்ல கைக்கு வர்றது அநேகமா பிரையர் ஆர்ட் தேடல்தான். அதாவது இதே சங்கதி உலகத்துல எங்கயாவது ஏற்கெனவே வெளிவந்திருக்கான்னு பார்க்கறது. கூகுள் பேட்டன்ட்ஸ், ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகத்தோட எஸ்பாஸ்நெட், நம்ம காப்புரிமை அலுவலகத்தோட இன்பாஸ்னு மூணு தேடல் தளமுமே இலவசம். புதுசா வர்றவங்க சறுக்கறது வார்த்தையை மட்டும் வெச்சுத் தேடறதுல. முழங்கால் உறையை ஒருத்தர் ‘நீ ஸ்லீவ்’னு எழுதுவார், இன்னொருத்தர் ‘ஆர்த்தோசிஸ்’, மூணாவது ஆள் ‘ஜாயின்ட் சப்போர்ட் மெம்பர்’னு. அதனால வகைப்பாட்டு எண்ணை, அதாவது காப்புரிமைகளைத் துறைவாரியாப் பிரிச்சுக் கொடுக்கற குறியீட்டை வெச்சுத் தேடணும். உடற்பயிற்சி, விளையாட்டுச் சாதனம் எல்லாம் ஏ63பி; மூட்டுத் தாங்கி ஏ61எஃப் 5/01; உடல் அசைவை அளக்கற கருவி ஏ61பி 5/11; காலணி உள்தட்டு ஏ43பி 17. எண்ணும் ரெண்டு மூணு வார்த்தையும் சேர்த்துத் தேடினா குப்பை குறையும். கிடைச்சதுல சுருக்கத்தைப் படிச்சுட்டு விட்டுடாதீங்க, கிளெய்ம் 1ஐ (கிளெய்ம்னா ‘இதுக்குத்தான் எனக்கு உரிமை’ன்னு விண்ணப்பத்துல கோர்ற வாசகம்) உறுப்பு உறுப்பாப் பிரிச்சு நம்ம கண்டுபிடிப்போட பக்கத்துல அட்டவணையாப் போடுங்க. எந்தக் கட்டம் காலியா நிக்குதோ அங்கதான் புதுமை இருக்க வாய்ப்பு. தேடின தேதியையும் எழுதணும், ஏன்னா விண்ணப்பம் சாதாரணமா 18 மாசம் கழிச்சுத்தான் வெளியாகும். அந்த இடைவெளியில இருக்கறது யார் கண்ணுக்கும் தெரியாது.

ரெண்டாவது, கெடு பார்த்துக்கற வேலை. தற்காலிக விவரக்குறிப்பு (கண்டுபிடிப்பைச் சுருக்கமா விவரிச்சு முதல்ல போடற விண்ணப்பம்) போட்டா 12 மாசத்துக்குள்ள முழுமையானது போகணும், தவறினா விண்ணப்பம் கைவிட்டதாக் கணக்கு. பரிசீலனை கேட்கற படிவம் 18க்கு 2024 திருத்தத்துக்கு அப்புறம் வந்த விண்ணப்பங்களுக்கு 31 மாசம். கல்வி நிறுவனத்துக்கு 2021லேருந்து கட்டணச் சலுகை உண்டு, விண்ணப்பம் போட ஆன்லைன்ல 1600 ரூபா. அது 30 பக்கம், 10 கிளெய்ம் வரைக்கும்தான். மேற்கொண்டு பக்கத்துக்கு 160, கிளெய்முக்கு 320. அனுப்பறதுக்கு முன்னாடி எண்ணிப் பார்க்கறது உங்க தலையிலதான் விழும்.

ஆம்பூர்_லைன்:
அகழி சார் காகிதப் பக்கம் சொல்லிட்டார். உங்களுக்குப் பேர் வாங்கிக் கொடுக்கறது மத்த பாதி: யார் இதை வாங்குவாங்கன்னு கண்டுபிடிக்கறது. உதாரணத்துக்கு, குதிச்சு இறங்கும்போது அதிர்வு தாங்கற உள்தட்டு ஒண்ணு லேப்ல இருக்குன்னு வைங்க. நம்ம பக்கம் ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைன்னு தோலும் ஷூவும்தான் தொழில். ஆனா ஏற்றுமதிக்குத் தைக்கற ஃபேக்டரில நிறைய இடத்துல டிசைன் முடிவு வாங்கற பிராண்டு கையில இருக்கும். ஃபேக்டரி முதலாளிக்கு போன் போட்டுப் பிரயோஜனம் இல்ல; உள்தட்டு, சோல் சப்ளை பண்றவங்களைப் பிடிக்கணும். இப்படி யார் முடிவெடுக்கறாங்கன்னு ஒரு படம் போட்டுக் கொடுத்தீங்கன்னா ஆபீஸ்ல உங்களைப் போகவே விடமாட்டாங்க.

போன்ல ‘இப்படி ஒண்ணு வந்தா வாங்குவீங்களா?’ன்னு கேக்காதீங்க, மரியாதைக்கு எல்லாரும் ‘ஆமா’ம்பாங்க. ‘இப்ப என்ன பயன்படுத்தறீங்க, ஜோடிக்கு என்ன விலை, எதுல கம்ப்ளெயின்ட் வருது’ன்னு கேளுங்க. பேசறதுக்கு ஒரு பக்கக் குறிப்பு ஆபீஸ்லயே தருவாங்க. என்ன பலன்னு அதுல இருக்கும், எப்படி வேலை செய்யுதுன்னு இருக்காது, சொன்னா ரகசியம் வெளிய போயிடும். இருந்தா திருப்பிக் கொடுத்து மாத்தச் சொல்லுங்க.

பாகாயம்_பிசியோ:
தம்பி, ஆட்டக்காரன்ங்கறதால பிரயோஜனம் உண்டு, ஆபத்தும் உண்டு. எந்தப் பட்டை வேர்வையில நழுவும், எதை மாட்டிக்கிட்டு டைவ் அடிக்க முடியாதுன்னு லேப்ல இருக்கறவங்களுக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும். அதனாலேயே ‘இதைப் போட்டு ஒரு மேட்ச் ஆடிட்டு வாயேன்’னு யாராவது நீட்டுவாங்க. விண்ணப்பம் போடாத சாதனத்தை நாலு பேர் பார்க்கற இடத்துல மாட்டினா அது பொதுப் பயன்பாடு, புதுமை போச்சு. நம்ம சட்டத்துல 32ஆம் பிரிவு நியாயமான சோதனைக்கு ஒரு வருஷம் வரைக்கும் கொஞ்சம் இடம் கொடுக்குது, அதுவும் பொது இடத்துல சோதிச்சே ஆகணும்ங்கற பட்சத்துல. ஐரோப்பாவுல அந்தச் சலுகை கிடையாது. பூட்டின ஜிம்ல, ரகசிய ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டவங்க மட்டும் இருக்கும்போது சோதிக்கணும். போட்டோ, ஸ்டேட்டஸ் எதுவும் கூடாது.

உங்க உடம்புல அளவெடுத்து ஆராய்ச்சித் தரவாச் சேர்க்கறாங்கன்னா நிறுவன நெறிமுறைக் குழு அனுமதி எண் கேளுங்க. உணவுத் தொழில்நுட்ப லேப் புரோட்டீன் பவுடர், ‘எனர்ஜி’ பானம் எதைக் கொடுத்தாலும் வாயில வைக்காதீங்க. ஊக்கமருந்துச் சோதனைல உடம்புக்குள்ள எது போச்சோ அதுக்கு நீங்கதான் பொறுப்பு, லேப் லெட்டர் கொண்டுவந்தா தப்பிக்க முடியாது.

சும்மா போட்டுப் பார்த்துச் சொன்னா நீங்க கண்டுபிடிப்பாளர் ஆகமாட்டீங்க. ஆனா ‘கொக்கியைப் பின்பக்கம் வெச்சு ரெண்டாப் பிரிங்க’ன்னு நீங்க சொன்னது கிளெய்ம்ல ஏறினா, காப்புரிமை விண்ணப்பமான படிவம் 1ல கண்டுபிடிப்பாளரா உங்க பேர் வரணும். சொன்ன அன்னிக்கே மெயில்ல எழுதி அனுப்பிடுங்க.

பாலாற்று_மணல்:
ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும். போட்டிக்குப் போற நாள்? ஸ்டைபண்டு வாங்கினா ஆடற தகுதிக்கு ஏதாவது ஆகுமா?

பி_டி_சார்_காட்பாடி:
யுஜிசி கணக்குல ஒரு கிரெடிட்டுக்கு 30 மணி நேரம், 4 கிரெடிட்டுக்கு 120. 15 வாரத்துல வாரம் 8 மணி. போட்டி வாரத்துல பூஜ்யம், அதுக்கு முன்னாடி ரெண்டு வாரம் 12 மணின்னு எழுத்துல ஒத்துக்கிட்டா முடிஞ்சுது. மண்டலப் போட்டித் தேதி வந்த அன்னிக்கே ஆபீஸுக்கு அனுப்புங்க. தேடல் வேலை எந்த நேரத்துலயும் ஓடும். கெடுப் பட்டியலை மட்டும் ஊருக்குக் கிளம்பும் முன்னாடி இன்னொருத்தர்கிட்ட ஒப்படைச்சுடணும். ரயில்ல பப்ளிக் வைஃபைல ஆபீஸோட ரகசியக் கோப்பைத் திறக்கறது, புரியலைன்னு ஏ.ஐ. சாட்ல ஒட்டறது ரெண்டும் வேணாம்.

அமெரிக்காவுல கல்லூரி விளையாட்டை நடத்தற என்.சி.ஏ.ஏ. அமைப்போட முதல் டிவிஷன்ல சீசன் நேரத்துல பயிற்சிக்கு நாளைக்கு 4, வாரத்துக்கு 20 மணின்னு வரம்பு இருக்கு. நமக்கு அப்படி எதுவும் இல்ல, கோச்சோட பேசி நீங்களேதான் நேரம் ஒதுக்கிக்கணும்.

ஸ்டைபண்டு வாங்கலாம். பல்கலைகளுக்கிடையேயான போட்டிக்கு முழுநேர மாணவரா இருக்கணும், முழுநேர வேலைல இருக்கக் கூடாது. அதனால கடிதத்துல ‘பயிற்சி மாணவர், உதவித்தொகை’ன்னு இருக்கட்டும், ‘பணி நியமனம், சம்பளம்’னு இருந்தா மாத்தி வாங்குங்க. நகல் ஒண்ணு உங்க உடற்கல்வி இயக்குநர்கிட்ட கொடுத்துடுங்க.

கோட்டை_அகழி:
ரெஸ்யூம்ல எழுதும்போது, வெளியாகாத விண்ணப்பத்தோட தலைப்பைப் போடாதீங்க. ‘மூட்டுத் தாங்கி துறையில இத்தனை தேடல் அறிக்கை, இத்தனை தொழில் பேட்டி’ன்னா போதும். இயற்பியல் டிகிரி இருக்கறதால பின்னாடி பேட்டன்ட் ஏஜென்ட் (மத்தவங்களுக்காகக் காப்புரிமை விண்ணப்பம் போட்டு நடத்தறவர்) தேர்வும் எழுதலாம், அதுக்கு அறிவியல் இல்ல இன்ஜினியரிங் பட்டம் வேணும், வக்கீல் படிப்பு தேவையில்ல.