உதவி: ஜேடிகே 21-ல் விர்ச்சுவல் த்ரெட் போட்டதும் சர்வர் உறைகிறது, சிபியு 0, டேட்டாபேஸும் சும்மா இருக்கிறது

நூல்கண்டு (கேட்டவர்)

வணக்கம். ஆர்டர் எடுக்கும் சர்வீஸ் ஒன்று. ஸ்பிரிங் பூட் 3.2, ஜேடிகே 21, கூடவே வரும் டாம்கேட், ஹிகாரி (டேட்டாபேஸ் கனெக்‌ஷன்களைச் சேர்த்து வைக்கும் பூல்) அளவு 10, மைஎஸ்கியூஎல் கனெக்டர் 8.3. குபர்நெட்டிஸில் ஒரு பாடுக்கு (pod, சர்வீஸ் ஓடும் ஒரு பிரதி) 2 சிபியு.

ஸ்பிரிங்.த்ரெட்ஸ்.விர்ச்சுவல்.எனேபிள்ட் என்பதை ட்ரூ ஆக்கி விர்ச்சுவல் த்ரெட்டை (சில ஓஎஸ் த்ரெட்டுகளின் மேல் மாறிமாறி ஓடும் இலகுவான ஜாவா த்ரெட்) ஆன் செய்ததைத் தவிர வேறு எதையும் மாற்றவில்லை. ஒரே நேரத்தில் 50 பயனர்கள் வைத்து லோட் டெஸ்ட் ஓட்டினால் ஒரு நிமிடத்துக்குள் உறைந்துவிடுகிறது. லைவ்னஸ் ப்ரோபை (சர்வீஸ் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை) நிறுத்திவிட்டுத்தான் பார்க்கிறேன், இல்லாவிட்டால் பாடே ரீஸ்டார்ட் ஆகிவிடுகிறது.

உறையும்போது தெரிவது:

சிபியு கிட்டத்தட்ட 0. ஹிகாரி மெட்ரிக்கில் ஆக்டிவ் 10, ஐடில் 0, காத்திருப்போர் ஏறிக்கொண்டே போகிறது. ஆனால் மைஎஸ்கியூஎல்லில் ஷோ ப்ராசஸ்லிஸ்ட் அடித்தால் அந்த 10 கனெக்‌ஷனும் ஸ்லீப் நிலையில் இருக்கின்றன. ஒரு க்வெரிகூட ஓடவில்லை. சரியாக 30 வினாடி கழித்து "கனெக்‌ஷன் கிடைக்கவில்லை, 30000 மில்லிசெகண்ட்" என்ற எரர் சில வருகிறது, கொஞ்சம் ரிக்வெஸ்ட் நகர்கிறது, மறுபடியும் உறைகிறது.

ஜேஸ்டாக் (ஒவ்வொரு த்ரெட்டும் எங்கே நிற்கிறது என்று காட்டும் கருவி) எடுத்தேன், உருப்படியாக எதுவும் இல்லை. சிங்க்ரனைஸ்டு (ஜாவாவில் பூட்டுப் போடும் சொல்) தான் எதிரி என்று படித்ததால் எங்கள் கோடு முழுக்கத் தேடினேன். அந்தச் சொல்லே ஒரு இடத்திலும் இல்லை. பழைய 200 த்ரெட் பூலுக்குத் திரும்பினால் இதே டெஸ்ட் பிரச்சினையில்லாமல் ஓடுகிறது.

கீழடுக்கு

பூல் 10 போதாது ப்ரோ. மேக்ஸிமம் பூல் சைஸை 100 ஆக்கிப் பாருங்க.

திண்டுக்கல்பூட்டு

@கீழடுக்கு அவசரப்படாதீங்க. பூல் சின்னது என்றால் 10 கனெக்‌ஷனும் க்வெரியில் மும்முரமாக இருக்கும். இங்கே பத்தும் ஸ்லீப். கனெக்‌ஷனைக் கையில் வைத்திருப்பவர்கள் அதை வைத்து எதுவும் செய்யவில்லை, திருப்பித் தரவும் இல்லை. அவர்களால் ஓட முடியவில்லை என்பதுதான் அதற்கு அர்த்தம்.

@நூல்கண்டு ஜேஸ்டாக்கில் விர்ச்சுவல் த்ரெட் வராது, பிளாட்ஃபார்ம் த்ரெட் மட்டும்தான் வரும். ஜேசிஎம்டி-யில் ப்ராசஸ் எண், அதன்பின் த்ரெட்.டம்ப்_டு_ஃபைல், ஃபார்மேட் ஜேசான், கடைசியில் ஃபைல் பெயர். உறைந்திருக்கும்போதே 5 வினாடி இடைவெளியில் இரண்டு டம்ப் எடுங்கள். எடுத்ததும் சொல்ல வேண்டியவை மூன்று: எத்தனை த்ரெட்டுக்கு ஸ்டாக் காலியாக இருக்கிறது, எவை ஹிகாரியின் கெட்கனெக்‌ஷனில் நிற்கின்றன, அவற்றுக்கு மேலே யார் கூப்பிட்டிருக்கிறார்கள்.

இன்னொன்று: ஏதாவது டிரான்ஸாக்‌ஷனுக்குள் இருந்து வெளி எச்டிடிபி கால் போகிறதா?

நூல்கண்டு

எடுத்துவிட்டேன். இரண்டு டம்பும் அச்சு அசலாக ஒன்றுதான்.

ஸ்டாக்கே இல்லாதவை சுமார் 30. பத்து த்ரெட் ஆர்டர் பாதையில் நிற்கின்றன: டிரான்ஸாக்‌ஷன் தொடங்கி, ஒரு வரி இன்சர்ட் செய்து, டெலிவரி கட்டணம் கேட்க ரெஸ்ட்கிளையன்ட் வழியாக வெளியே போய்க் காத்திருக்கின்றன. அந்த வெளி சர்வீஸ் 80 மில்லிசெகண்டில் பதில் தருகிறது, அதன் லாகிலும் பதில் போய்விட்டதாகத்தான் இருக்கிறது.

கெட்கனெக்‌ஷனில் காத்திருப்பவை பல. அதில் இரண்டுக்கு மட்டும் மேலே இந்த வரிசை: பொருள் பட்டியல் கன்ட்ரோலர், கஃபீன் கேஷின் கெட், கன்கரன்ட்ஹேஷ்மேப்பின் கம்ப்யூட், எங்கள் லோடர், ஹிகாரி.

திண்டுக்கல்பூட்டு

அந்த இரண்டுதான்.

உங்கள் கோடில் சிங்க்ரனைஸ்டு இல்லை, கன்கரன்ட்ஹேஷ்மேப்புக்குள் இருக்கிறது. கம்ப்யூட், கம்ப்யூட்இஃப்ஆப்சென்ட் இரண்டும் அந்தக் கீ விழும் பெட்டியை (ஒரு பெட்டியில் பல கீ விழலாம்) சிங்க்ரனைஸ்டால் பூட்டிவிட்டு, பூட்டு கையில் இருக்கும்போதே உங்கள் லோடரை ஓட்டும். கஃபீனின் கெட் அதன்மேல் நிற்கிறது. ஸ்பிரிங்கின் கேஷபிளில் சிங்க் ட்ரூ போட்டாலும் இதே கதைதான்.

நடப்பது இது. விர்ச்சுவல் த்ரெட் ஓட ஒரு கேரியர் (அதைச் சுமக்கும் ஓஎஸ் த்ரெட்) வேண்டும். கேரியர்களின் எண்ணிக்கை ஜேவிஎம் பார்க்கும் சிபியு எண்ணிக்கைதான், உங்களுக்கு 2. காத்திருக்கும் விர்ச்சுவல் த்ரெட் வழக்கமாகக் கேரியரைவிட்டு இறங்கிவிடும். ஆனால் ஜேடிகே 21-ல் சிங்க்ரனைஸ்டுக்குள் நின்றுகொண்டு காத்திருந்தால் இறங்க முடியாது, கேரியரோடு சேர்த்துக் குத்திவைத்த மாதிரி ஆகிவிடும், இதைத்தான் 'பின் ஆவது' (pin) என்கிறார்கள். சிங்க்ரனைஸ்டுக்குள் நுழையக் காத்திருப்பதற்கும் அதே கதி.

இப்போது கணக்குப் போடுங்கள். பத்து ஆர்டரும் பத்து கனெக்‌ஷனையும் பிடித்துக்கொண்டு வெளிப் பதிலுக்காக நல்லபிள்ளையாக இறங்கி நிற்கின்றன. அந்த இடைவெளியில் இரண்டு பட்டியல் ரிக்வெஸ்ட் வந்து, மேப்பின் பூட்டைப் பிடித்தபடி கனெக்‌ஷனுக்குக் காத்திருக்கின்றன. இரண்டு கேரியரும் போச்சு. வெளிப் பதில் வந்துவிட்டது, பத்து ஆர்டரும் ஓடத் தயார், ஏற இடமில்லை. அவை ஓடினால்தான் கனெக்‌ஷன் திரும்பும், கனெக்‌ஷன் திரும்பினால்தான் கேரியர் விடுபடும். ஹிகாரியின் 30 வினாடி டைம்அவுட் வந்துதான் இந்த முடிச்சை அவிழ்க்கிறது. அந்த 30 காலி ஸ்டாக்? இன்னும் ஒரு வரிகூட ஓடாத ரிக்வெஸ்ட்டுகள்.

பழைய பூலில் இது வராததற்குக் காரணம், காத்திருக்கும் ஒவ்வொருவருக்கும் சொந்தமாக ஒரு ஓஎஸ் த்ரெட் இருந்தது.

இது உங்களுக்கு மட்டும் வந்த வினை இல்லை. நெட்ஃபிளிக்ஸ் பொறியாளர்கள் 2024 ஜூலையில் விரிவாக எழுதியதும் இதே குடும்பம்தான்: ஜாவா 21, ஸ்பிரிங் பூட் 3, டாம்கேட், 4 கேரியரும் சிங்க்ரனைஸ்டுக்குள் ஒரு ரீஎன்ட்ரன்ட்லாக்குக்காகக் காத்திருந்தன.

சுபநேரம்

உறுதிசெய்ய ஜேஎஃப்ஆர் (ஜேவிஎம்மோடு வரும் ஃப்ளைட் ரெக்கார்டர்) ஓட்டுங்கள். ஜேடிகே.விர்ச்சுவல்த்ரெட்பின்ட் என்ற ஈவென்ட் இயல்பாகவே ஆனில் இருக்கும், 20 மில்லிசெகண்டுக்கு மேல் நீடித்தால் பதிவாகும். 21-ல் ஒரு ஓட்டை: பூட்டுக்குள்ளே இருந்து காத்திருப்பது இதில் வரும், பூட்டுக்கு வெளியே நுழையக் காத்திருப்பது வராது. அதற்கு ஜாவாமானிட்டர்என்டர் ஈவென்ட்டையும் சேர்த்துப் பாருங்கள். இரண்டுமே காத்திருப்பு முடிந்த பிறகுதான் எழுதப்படும். ஆகவே உறைந்த நடுவில் ரெக்கார்டிங்கை நிறுத்திவிட்டு ஒன்றும் இல்லை என்று சொல்லாதீர்கள், 30 வினாடி தாண்டட்டும்.

நூல்கண்டு

வந்துவிட்டது. கம்ப்யூட் வழியாகப் பின் ஆனது, நீளம் 30 வினாடி. மிக்க நன்றி அண்ணா. இனி எதை மாற்றுவது? கேஷை எடுத்துவிடவும் முடியாது.

திண்டுக்கல்பூட்டு

வேர் டிரான்ஸாக்‌ஷனில் இருக்கிறது, அதை முதலில் சரிசெய்யுங்கள். கட்டணத்தைக் கேட்டு வாங்கிய பிறகு டிரான்ஸாக்‌ஷனைத் திறங்கள். மெத்தட் முழுக்க டிரான்ஸாக்‌ஷனல் போட்டிருப்பதை எடுத்துவிட்டு, இன்சர்ட் பகுதிக்கு மட்டும் டிரான்ஸாக்‌ஷன்டெம்ப்ளேட். கூடவே ஓபன்-இன்-வியூவை ஃபால்ஸ் ஆக்குங்கள். அது இயல்பில் ட்ரூ, டிரான்ஸாக்‌ஷன் முடிந்தாலும் ரெஸ்பான்ஸ் போகும்வரை கனெக்‌ஷன் கையிலேயே தங்கிவிடலாம். விர்ச்சுவல் த்ரெட் இருந்தாலும் இல்லாவிட்டாலும், வெளி கால் போகும்போது கனெக்‌ஷனைப் பிடித்திருப்பது தப்புதான்.

அடுத்து ஜேவிஎம். ஜெப் 491 (ஜேடிகே மாற்றத்துக்கான முன்மொழிவு) சிங்க்ரனைஸ்டுக்குள் பின் ஆவதை ஒழித்தது. அது ஜேடிகே 24-ல் 2025 மார்ச்சில் வந்தது. 24 நீண்டகால ஆதரவுப் பதிப்பு இல்லை என்பதால் 2025 செப்டம்பரில் வந்த 25-க்கே போங்கள்.

21-லேயே இருந்தாக வேண்டும் என்றால் கஃபீனின் அசிங்க்கேஷ்: மேப்புக்குள் ஃபியூச்சர் மட்டும் போகும், லோடர் பூட்டுக்கு வெளியே ஓடும். மைஎஸ்கியூஎல் கனெக்டரையும் 9.0-க்கோ அதற்கு மேலோ ஏற்றுங்கள். 2024 ஜூலையில் வந்த அந்தப் பதிப்பில்தான் சிங்க்ரனைஸ்டை ரீஎன்ட்ரன்ட்லாக்காக மாற்றினார்கள். 8.3-ல் ஒவ்வொரு க்வெரியும் ஒரு கேரியரைப் பிடித்துக்கொண்டுதான் ஓடும். போஸ்ட்கிரெஸ் டிரைவர் 42.6-லேயே மாறிவிட்டது.

ஜேடிகே.விர்ச்சுவல்த்ரெட்ஷெட்யூலர்.பேரலலிசம் என்பதை 20 ஆக்கு என்று யாராவது சொல்வார்கள். உறைவது தள்ளிப்போகும், அவ்வளவுதான். 20 பட்டியல் ரிக்வெஸ்ட் சேர்ந்து வரும் நாளில் மறுபடி இங்கே வருவீர்கள்.

நூல்கண்டு

25 போட்டேன். பில்டே உடைகிறது. எல்லா கெட்டருக்கும் "சிம்பல் கிடைக்கவில்லை" என்கிறது. லாம்பாக் (கெட்டர்களைத் தானாக உருவாக்கும் லைப்ரரி) 1.18.30, மேவன்.

சுபநேரம்

இரண்டு காரணம் சேர்ந்திருக்கிறது. ஒன்று, லாம்பாக் பழசு, 25-க்கு 1.18.40 அல்லது அதற்கு மேல் வேண்டும். இன்னொன்று பலருக்கும் தெரியாமல் போனது: ஜேடிகே 23 முதல் கிளாஸ்பாத்தில் கிடக்கும் அனோடேஷன் ப்ராசஸரை ஜாவாசி தானாக ஓட்டாது. பதிப்பை மட்டும் ஏற்றினால் இதே எரர் மறுபடி வரும். மேவன் கம்பைலர் ப்ளகினில் அனோடேஷன்ப்ராசஸர்பாத்ஸ் கொடுத்து அதில் லாம்பாக்கைப் போடுங்கள். மேப்ஸ்ட்ரக்ட் இருந்தால் அதையும். அவசரத்துக்கு ஜாவாசிக்கு -ப்ராக்:ஃபுல் கொடுத்தாலும் ஓடும்.

அடுத்து "கிளாஸ் ஃபைல் மேஜர் வெர்ஷன் 69" என்று ஒரு எரர் வரும், இப்போதே சொல்லிவிடுகிறேன். 69 என்பது ஜாவா 25-ன் எண். உங்கள் ஸ்பிரிங்குக்கு அதைப் படிக்கத் தெரியாது. ஸ்பிரிங் பூட் 3.5-ன் கடைசிப் பதிப்புக்கு ஏறுங்கள், 3.2-க்கான இலவச ஆதரவு 2024-லேயே முடிந்துவிட்டது. அதுவரை ரிலீஸை 21 என்று வைத்துக் கம்பைல் செய்து 25-ல் ஓட்டலாம். ஜெப் 491 ஓடும் ஜேவிஎம்மில் இருக்கிறது, கம்பைல் செய்த பதிப்பில் இல்லை.

ஸ்டார்ட்அப் ஸ்கிரிப்ட்டில் செக்யூரிட்டி மேனேஜரை இயக்கும் ஃப்ளாக் ஏதாவது கிடந்தால் எடுத்துவிடுங்கள். 24 முதல் அதைப் பார்த்தால் ஜேவிஎம் எழும்பவே எழும்பாது.

நூல்கண்டு

பில்ட் ஓகே. 25-ல் உறையவில்லை! ஆனால் 50-ஐ 600 ஆக்கியதும் ஹிகாரி டைம்அவுட் வருகிறது. இந்தத் தடவை ப்ராசஸ்லிஸ்ட்டில் பத்தும் க்வெரியில் இருக்கின்றன.

கீழடுக்கு

இப்பவாவது 100 ஆக்கலாமா? :)

திண்டுக்கல்பூட்டு

@கீழடுக்கு இப்போது கேள்வி நியாயமானது, எண் நியாயமில்லை. மைஎஸ்கியூஎல்லின் மேக்ஸ்_கனெக்‌ஷன்ஸ் இயல்பில் 151. இரண்டு பாட் ஏறினாலே 200, எரர் 1040 (கனெக்‌ஷன் அளவு மீறிவிட்டது) வரும். ஹிகாரிக்காரர்களே தரும் தொடக்கக் கணக்கு: டேட்டாபேஸ் சர்வரின் கோர் எண்ணிக்கை பெருக்கல் 2, அதோடு டிஸ்க் எண்ணிக்கை. 8 கோர் இருந்தால் 17, 20 பக்கம். அதைப் பாடுகளுக்குப் பங்கு போடுங்கள்.

@நூல்கண்டு முன்பு டாம்கேட்டின் 200 த்ரெட் ஒரு மதகு மாதிரி நின்றது. விர்ச்சுவல் த்ரெட் போட்டதும் த்ரெட்ஸ்.மேக்ஸ் செல்லாக்காசு. 600 பேரும் நேராக ஹிகாரி வாசலில் நிற்கிறார்கள். மதகை நீங்களே கட்டுங்கள்: டேட்டாபேஸுக்குப் போகும் பாதைக்கு முன்னால் ஒரு செமஃபோர், பூல் அளவைப்போல் இரண்டு மூன்று மடங்கு அனுமதி. ட்ரைஅக்வயருக்கு 2 வினாடி கொடுங்கள், கிடைக்காவிட்டால் 503 (இப்போது ஏற்க முடியாது என்ற எச்டிடிபி பதில்). ரிலீஸ் கட்டாயம் ஃபைனலியில், அதுவும் அக்வயர் வெற்றி பெற்றிருந்தால் மட்டும். தோற்றபோதும் ரிலீஸ் போட்டால் அனுமதி எண்ணிக்கை சத்தமில்லாமல் ஏறிக்கொண்டே போகும். விர்ச்சுவல் த்ரெட்டுக்குப் பூல் கட்டி எண்ணிக்கையைக் கட்டுப்படுத்த நினைக்காதீர்கள்.

நூல்கண்டு

பூல் 16, செமஃபோர் 40. 600-ல் டைம்அவுட் 0, கொஞ்சம் 503 மட்டும். டிரான்ஸாக்‌ஷனைச் சுருக்கியதுதான் பெரிய வித்தியாசம் காட்டியது. அதை மட்டும் 21-ல் தனியாகப் போட்டுப் பார்த்தேன், 50-ல் உறையவே இல்லை.

ஒரு சின்னக் கேள்வி: ட்ரேஸ்பின்ட்த்ரெட்ஸ் ஃப்ளாகை ஃபுல் என்று வைத்திருக்கிறேன், 25-ல் எதுவுமே அச்சாகவில்லை. பின் ஆகவே இல்லை என்று எடுத்துக்கொள்ளலாமா?

சுபநேரம்

கூடாது. அந்த ஃப்ளாகை 24-லேயே நீக்கிவிட்டார்கள், கொடுத்தாலும் கண்டுகொள்ளாது. ஜேஎஃப்ஆர் ஈவென்ட்தான் ஒரே வழி. நேட்டிவ் கோடு வழியாகத் திரும்ப ஜாவாவுக்குள் வந்து காத்திருந்தாலும், கிளாஸ் ஸ்டாட்டிக் இனிஷியலைசருக்குள் காத்திருந்தாலும் 25-லும் பின் ஆகும்.

கீழடுக்கு

கூடுதலாக ஒன்று. வெப் இல்லாமல் ஷெட்யூல்ட் வேலை மட்டும் செய்யும் சர்வீஸிலும் விர்ச்சுவல் த்ரெட்டை ஆன் செய்யப் போகிறீர்கள் என்றால் ஸ்பிரிங்.மெயின்.கீப்-அலைவ் ட்ரூ போடுங்க. விர்ச்சுவல் த்ரெட் எல்லாம் டீமன், ஜேவிஎம்மைப் பிடித்து வைக்காது. எரர் ஒன்றும் இல்லாமல், எக்ஸிட் கோட் 0-வோடு போய்விடும்.