மாப்போ தோஃபு உடைகிறது, அக்காவும் பேசுவதில்லை

ஈசூன்_மல்லி:

வணக்கம். நான் பால், முட்டைகூட இல்லாத நனிசைவத்துக்கு மாறி ஐந்து மாதம் ஆகிறது. சிங்கப்பூர், ஈசூன், வீவக (அரசு அடுக்குமாடி) வீடு. கறி மீனை விட்டது பெரிய கஷ்டமாக இல்லை. தயிர்தான் படுத்துகிறது. அது வேறு கதை, இன்னொரு நாள் வந்து அழுகிறேன்.

கேட்க வந்தது இரண்டு விஷயம். முதலாவது சமையல். பள்ளிக்கூட நாளிலிருந்தே எனக்குச் சீனச் சாப்பாடு என்றால் உயிர். இப்போது உணவங்காடியில் எதைத் தொட்டாலும் காய்ந்த இறாலோ சிப்பியில் செய்த ஆய்ஸ்டர் சாஸோ இருக்கிறது. அதனால் வீட்டிலேயே மாப்போ தோஃபு (காரமான கொத்துக்கறிச் சாற்றில் தோஃபு போடுகிற சீனப் பதார்த்தம்) செய்து பார்க்கிறேன். மூன்று முறை ஆகிவிட்டது. கொத்துக்கறிக்குப் பதில் சோயா உருண்டையை அரைத்துப் போட்டால் ஊறிய அட்டை மாதிரி இருக்கிறது. தோஃபு கரண்டி பட்டதும் கூழாகிறது. நிறம் நன்றாகச் சிவந்து வருகிறது, ருசியைத்தான் காணோம்.

இரண்டாவது அக்கா. தீபாவளிக்கு எல்லாரும் அவள் வீட்டில் இருந்தோம். அத்தான் ஆட்டுக்கறிப் பிரட்டலைத் தட்டில் வைத்துக்கொண்டே, "செடிக்கும் உயிர் இருக்குல்ல?" என்று சிரித்தார். எனக்குச் சுருக்கென்று வந்துவிட்டது. முட்டைத் தொழிலில் ஆண் குஞ்சுகளை முட்டையிலிருந்து வெளிவந்த அன்றே இயந்திரத்தில் போட்டு அரைக்கிற காணொளி கைப்பேசியில் இருந்தது. சாப்பாட்டு மேசையிலேயே போட்டுக் காட்டினேன். அக்கா மகளுக்கு ஏழு வயது. அவளும் எட்டிப் பார்த்துவிட்டாள்.

அன்றிலிருந்து அக்கா என்னோடு பேசுவதில்லை. குழந்தை முட்டையைத் தொடுவதில்லையாம். அதைக் கேட்டதும் எனக்கு முதலில் சந்தோஷம்தான் வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். நான் காட்டியது பொய்யில்லை. ஆனாலும் ராத்திரி தூக்கம் வரவில்லை. சண்டை போடாமல் இதையெல்லாம் எப்படிச் சொல்கிறீர்கள்?

பானை_மூடி:

அத்தானுக்குப் பதில் சுலபம். ஆடு தின்பதும் செடிதானே. ஆனால் அவர் பதில் வேண்டும் என்றா கேட்டார்? தோஃபு உடைந்தால் தௌபோக் (எண்ணெயில் பொரித்த தோஃபு) வாங்கிப் போடுங்கள். சுத்தியலால் அடித்தாலும் உடையாது.

காளான்_அண்ணன்:

தங்கச்சி, பானை_மூடி பேச்சைக் கேட்காதீர்கள். தௌபோக் போட்டால் அது குழம்பு, மாப்போ இல்லை. நான் நனிசைவம் ஆகி 12 வருஷம். அதற்கு முன்னால் தோ பாயோவில் ஒரு ஸீ ச்சார் (வீட்டுப் பாணிச் சீனச் சமையல்) கடையில் இரண்டு வருஷம் எடுபிடி வேலை பார்த்தவன். வெட்டினதும் கழுவினதும்தான் அதிகம், ஆனால் கண் சும்மா இருக்குமா?

முதலில் தோஃபு. குழாய் போன்ற உறையில் மஞ்சளாக வருவது முட்டைத் தோஃபு, அது நமக்கு ஆகாது. தௌகுவா என்கிற கெட்டித் தோஃபுவும் வேண்டாம். நடுத்தரமானதை வாங்கிச் சதுரமாக வெட்டி, உப்புப் போட்ட வெந்நீரில் ஐந்து நிமிடம் போட்டு வையுங்கள். தளதளவென்று கொதிக்க விடக் கூடாது. கொஞ்சம் இறுகிக்கொள்ளும், பச்சை வாடையும் போகும். வாணலியில் போட்ட பிறகு கிளறுகிற வேலையே இல்லை. கரண்டியின் முதுகால் மெல்ல முன்னே தள்ளுவதோடு சரி.

சோயா உருண்டையை மறந்துவிடுங்கள். காய்ந்த சீனக் காளான் ஆறேழை முதல் நாள் இரவே குளிர்ந்த நீரில் போட்டுக் குளிர்பெட்டியில் வையுங்கள். அவசரத்துக்கு வெந்நீர் ஊற்றினால் சீக்கிரம் ஊறும், ஆனால் அடிநாக்கில் நிற்கிற சுவை குறையும். ஊறியதைத் துணி பிழிகிற மாதிரி இறுக்கிப் பிழிந்து பொடியாகக் கொத்துங்கள். எண்ணெயில் போட்டதும் சர்ரென்று கத்தும். அந்தச் சத்தம் அடங்கி, ஓரமெல்லாம் பழுப்பாகி, கரண்டியில் அள்ளினால் உதிரியாக விழ வேண்டும். அதுவரை பொறுமை. பிழிந்த தண்ணீரைக் கொட்டிவிடாதீர்கள், எலும்பு ரசத்துக்குப் பதில் அதுதான்.

அப்புறம் தௌபான் விழுது. அவரை விதையையும் மிளகாயையும் புளிக்கவைத்தது. செங்டு பக்கத்தில் உள்ள பிஷியான் என்ற ஊர்ப் பெயர் போட்டு வருவது நல்லது. உங்கள் ருசி காணாமல் போனது இங்கேதான் என்று நினைக்கிறேன். தீயைக் குறைத்து, எண்ணெய் சிவந்து பிரிகிற வரை வதக்க வேண்டும். புளிக்குழம்பில் நாம் பார்க்கிற அதே பக்குவம். சோள மாவுக் கரைசலை ஒரேயடியாக ஊற்றாமல் மூன்று தடவையாக. கடைசியில், வறுத்துப் பொடித்த சிச்சுவான் மிளகு. (மா என்றால் அம்மைத் தழும்பு, போ என்றால் கிழவி. செங்டுவில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்த அம்மாவுக்கு ஊர் வைத்த பெயர். பாவம், இத்தனை ருசியாகச் சமைத்தும் முகத்தைத்தான் சொல்லியிருக்கிறார்கள்.)

ஆய்ஸ்டர் சாஸுக்குக் கவலை வேண்டாம். காளானில் செய்த சைவ வகை பேரங்காடியில் கிடைக்கும். வெளியில் சாப்பிட ஆசை வந்தால் வாட்டர்லூ தெருப் பக்கம் போங்கள். கிருஷ்ணன் கோயிலும் குவான் இம் கோயிலும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கிற இடம். அங்கே ஃபார்ச்சூன் சென்டரில் சைவக் கடைகள் உண்டு. சீன மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் பலர் விரதம், அன்று கூட்டம் நெரியும். ஆனால் சீனச் சைவம் எல்லாமே நனிசைவம் இல்லை. போலிக்கறியில் முட்டை வெள்ளைக்கருவும் பால் புரதமும் சேர்ப்பதுண்டு. "ச்சுன் சூ" என்று கேளுங்கள், பால் முட்டை இல்லாதது என்று புரிந்துகொள்வார்கள்.

இனி அக்கா. ஃபெங் ஸிகாய் என்று ஒரு சீன ஓவியர். குரு ஹோங்யி துறவிக்கு 50 வயதானதை ஒட்டி 1929இல் உயிர்களைக் காப்பது பற்றி 50 படம் வெளியிட்டார். பத்து வருஷத்துக்கு ஒரு தொகுதி, ஒவ்வொன்றிலும் முந்தையதைவிடப் பத்துப் படம் கூட்டி, குருவின் நூறாவது வயதுக் கணக்குக்கு நூறு படம் வரைவதாக வாக்கு. குரு 1942லேயே போய்விட்டார். இவர் விடவில்லை. கலாச்சாரப் புரட்சிக் காலத்தில் ஒளித்து ஒளித்து வரைந்து 1973இல் கடைசி நூறையும் முடித்தார். ஆறு தொகுதியும் சேர்த்து மொத்தம் 450. நடுவில் இரண்டு தொகுதி வெளியானது நம் சிங்கப்பூரில். ஒரு படத்தில் ஆட்டிறைச்சிக் கடைப் பெயர்ப்பலகைக்குக் கீழே ஆட்டைக் கூட்டிப் போகிறார்கள். தலைப்பு, ஆட்டுக்குப் படிக்கத் தெரிந்திருந்தால். அவ்வளவுதான். பார்க்கிறவன் பாடு.

எனக்கு அந்தப் பொறுமை கிடையாது. புத்தர் பிறந்தநாளான விசாகத்தன்று புண்ணியம் என்று கடையில் வாங்கிய மீனையும் ஆமையையும் நீர்த்தேக்கத்தில் விடுகிற வழக்கம் தெரியும் இல்லையா? அவற்றில் பல பிழைப்பதில்லை, பிழைத்தாலும் அங்கே இருக்கிற உயிர்களுக்கு ஆபத்து. தேசியப் பூங்காக் கழகம் தன்னார்வலர்களை வைத்து எடுத்துச் சொல்கிறது. நானும் போனேன். எழுபது வயது மதிக்கிற ஒரு சீன அம்மா, சிவப்பு வாளியில் இரண்டு ஆமை, கன்னத்தில் சிவப்புக் கோடு உள்ள வகை. நான் சட்டம், அபராதம் என்று ஆரம்பித்தேன். அவர் பதிலே பேசாமல் அந்தப் பக்கம் போய் வாளியைக் கவிழ்த்துவிட்டுக் கிளம்பிவிட்டார்.

அடுத்த வருஷம் என்னோடு நின்ற பெண் யாரிடமும் "கூடாது" என்றே சொல்லவில்லை. வாளி வந்தால் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, "எத்தனை நாளாக வைத்திருக்கிறீர்கள், என்ன சாப்பிடும்?" என்று விசாரித்தாள். ஒரு பெரியவர் கால் மணி நேரம் ஆமைக் கதை சொன்னார். சொல்லிவிட்டு, வாளியோடு வீட்டுக்கே திரும்பிப் போனார்.

அக்காவிடம் குழந்தை அதைப் பார்த்ததற்கு மட்டும் மன்னிப்புக் கேளுங்கள். முட்டை, அத்தான், பண்ணை, எதுவும் வேண்டாம். மாப்போ சரியாக வந்தால் ஒரு டப்பா கொண்டுபோங்கள், குழந்தைக்குக் காரம் குறைத்து. அப்புறம் பி12 வைட்டமின் மாத்திரையை மறக்காதீர்கள்.

ஈசூன்_மல்லி:

அண்ணா, பத்து நாள் கழித்து எழுதுகிறேன். நாலாவது முறை தோஃபு உடையவில்லை. சரி, ஓரத்தில் இரண்டு உடைந்தது. காளானைப் பிழிந்து கை வலிக்கிறது.

அக்கா வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே மன்னிப்புக் கேட்டேன். டப்பாவை வாங்கிக்கொண்டாள், உள்ளே வா என்று சொல்லவில்லை. நேற்று அத்தான் வேலைக்குப் போகிற வழியில் என்னைக் கீழே கூப்பிட்டு டப்பாவைத் திருப்பிக் கொடுத்தார். அக்கா யாருக்கும் காலி டப்பா அனுப்ப மாட்டாள். உள்ளே ஆறு ரவா லட்டு. நெய் மணம் மின்தூக்கி முழுக்க. நான் என்ன செய்ய?

பானை_மூடி:

பக்கத்து வீட்டுக்குக் கொடுங்கள். அக்கா கேட்டால் ஒளிக்காதீர்கள். டப்பாவைக் கழுவிக் கையெட்டும் இடத்தில் வையுங்கள், இந்த வாரமே தேவைப்படும்.