சூ சானின் மரவிலங்கும் ஒரு பாப் பாடலும்: கேட்டவர்களின் அனுபவங்கள்

மருத்துவம் படிக்கச் சீனாவுக்குச் சென்றிருந்த நாள்களில், வகுப்புத் தோழர் ஒருவர் தம் கைப்பேசியில் ஒரு பாடலை ஒலிக்கவிட்டார். பின்னணி முழுவதும் மேற்கத்திய இசையாக இருக்க, இடையிடையே மட்டும் பழைய நாடக வரிகள் எட்டிப் பார்த்தன. தைவான் பாடகர் டேவிட் தாவ் 2006-இல் வெளியிட்ட அந்தப் பாடல், பீக்கிங் ஆப்பெரா என்னும் சீனப் பாட்டு நாடகத்தில் வரும் சூ சானின் கதையிலிருந்து பிறந்தது. அவருடைய தாயாரே பீக்கிங் ஆப்பெரா நடிகை என்று பின்னர் அறிந்தபோது, அந்த வரிகள் அவர் நாவில் அவ்வளவு இயல்பாக அமர்ந்ததில் வியப்பு தோன்றவில்லை.

செய்யாத கொலைக்காகத் தண்டிக்கப்பட்ட சூ சான், மீன் வடிவ மரவிலங்கு கழுத்தில் பூட்டப்பட்டு, ஷான்சி மாகாணத்து ஹோங்டோங் ஊரிலிருந்து மறுவிசாரணைக்காக ஒரு முதிய காவலருடன் நடத்திச் செல்லப்படுகிறாள். வழிப்போக்கர்களில் நான்ஜிங் செல்பவர் எவரேனும் இருந்தால், தன் காதலனிடம் செய்தி சேர்க்கும்படி கெஞ்சுகிறாள். மறுபிறவியில் நாயாகவோ குதிரையாகவோ பிறந்து நன்றிக்கடன் தீர்ப்பதாகவும் சொல்கிறாள். (நம் ஊர்க் கூத்துக்குப் பழகிய காதுக்கு இந்த மன்றாட்டு அந்நியமாகவே படாது.)

அந்தக் குளிர்காலத்தில் பீஜிங் சென்றபோது, சொர்க்கக் கோயிலின் நீண்ட நடைக்கூடத்தில் ஓய்வுபெற்ற முதியவர்கள் கூடிப் பாடிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் ஜிங்ஹூ என்னும் இரு தந்தி வில்லிசைக் கருவியை மீட்ட, ஓர் அம்மையார் அதே வரிகளைத் தொடங்கினார். நானும் மெல்ல முணுமுணுத்ததைக் கவனித்து, எங்கே கற்றாய் என்று கேட்டார். பாப் பாடலில் என்றேன். “அதில் சூ சான் நடக்கவே இல்லையே!” என்று சிரித்தார். மேடையில் அந்த வரிகள் ‘ஓடும் நீர்’ எனப் பெயர் பெற்ற விரைந்த தாளத்தில் அமைந்தவை. விலங்கோடு எட்டு வைக்கும் கால்கள் அந்தத் தாளத்தில் இருக்கின்றன. நான் நேசித்த பாடலில் சோகம் இருந்தது, கால்கள் இல்லை.

*

மேலே எழுதியவர் கால்களைச் சொன்னார். நான் தொண்டையைச் சொல்கிறேன். இந்தவகைப் பாடல்களில் திடீரென உச்சத்தில் எழும் குரலைச் சீனர்கள் ‘ஷிச்சியாங்’ என்கிறார்கள். சில ஆண்டுகள் கர்நாடக இசை பயின்ற துணிச்சலில் நான் அதை முயன்றேன். எங்கள் ஆசிரியை ‘கள்ளக்குரல்’ என்று சொல்லி எதைக் கண்டித்தாரோ, அதுதான் அங்கே இளம்பெண் பாத்திரத்தின் முறையான குரல். ஆணாக இருந்தும் பெண் வேடத்தில் புகழ்பெற்ற மெய் லான்ஃபாங் பாடியதும் அந்தக் குரலில்தான். முதிய பெண் பாத்திரங்கள் மட்டும் இயல்பான குரலிலேயே பாடுகிறார்கள்.

உச்சத்தை எப்படியோ தொட்டுவிட்டேன். எழுத்துகளை உச்சரிப்பதில்தான் தோற்றேன். ஒவ்வொரு அசையையும் தலை, வயிறு, வால் எனப் பிரித்து, வால் தேயும்வரை விடாமல் இழுக்க வேண்டும். இணையத்தில் ஷிச்சியாங் என்று உலவும் பலவற்றில் வாலே இல்லை. அவற்றைக் குறைசொல்ல எனக்குத் தகுதி இல்லைதான், ஆனாலும் காது ஒப்பவில்லை. பாப் பாடகர் லீஹோம் வாங் 2005-இல் வெளியிட்ட இசைத்தொகுப்பில், 1598-இல் எழுதப்பட்ட ‘பியோனி மண்டபம்’ நாடகத்தின் குன்ச்சூ என்னும் பழைய சீன ஆப்பெரா மரபையும் ராப்பையும் ஒரே பாடலில் இணைத்திருக்கிறார். இரண்டும் சொற்களைக் கடிக்கும் கலைகள் என்பதாலோ என்னவோ, அந்தப் பொருத்தம் எனக்குப் பிடித்திருக்கிறது.

*

சிங்கப்பூரில் வசிக்கிறேன். இத்தகைய பாடல்களில் மயங்கி, ஆவிகளுக்குப் படையலிடும் சீன நாள்காட்டியின் ஏழாம் மாதத்தில் ஒரு கோயில் முன்பு அமைத்த மேடைக்குச் சென்றேன். நடந்தது தென்சீன வட்டார வகையான தியோச்சூ ஆப்பெரா. மொழியும் வேறு, மெட்டும் வேறு. நான் தேடிப்போன அந்தக் குரல் அங்கே இல்லை. முன்வரிசை காலியாக இருக்கிறதே என்று அமரப்போனேன். பக்கத்திலிருந்த பெரியவர் என் கையைப் பிடித்து நிறுத்தி, அது ஆவிகளுக்காக விடப்பட்ட வரிசை என்றார். பின்வரிசையில் அவர் அருகிலேயே இடம் கிடைத்தது. ஆட்டம் முடியும்வரை யார் யாருக்கு மாமியார் என்பதை அவர்தான் விளக்கிக்கொண்டிருந்தார்.