பணம் கட்டிப் பதிப்பித்த நூலின் கோப்பு யாருக்குச் சொந்தம்?

நாவலாசிரியர்:
மெய்ப்புத் (அச்சுக்கு முன் பிழை பார்க்கும் படி) திருத்தம், பக்க வடிவமைப்பு, அட்டை, அச்சு ஆகிய அனைத்தையும் ஆறு மாதத்தில் முடித்துத் தருவதாக ஒப்பந்தத்தில் எழுதிக் கொடுத்து, முழுத் தொகையையும் முன்கூட்டியே பெற்றுக்கொண்ட ஒரு தற்பதிப்பு நிறுவனம், கெடு முடிந்து ஓராண்டு ஆன பிறகும் பிழை மலிந்த ஒரு மெய்ப்பைத் தவிர எனக்கு எதையும் தரவில்லை. ஒப்பந்தத்தை முறித்துக்கொள்வதாக எழுதியபோது, வடிவமைத்த கோப்பும் அட்டையும் தங்கள் உடைமை என்றும், அவை வேண்டுமானால் தனிக் கட்டணம் செலுத்த வேண்டும் என்றும் பதில் வந்தது. என் பணத்தில் உருவானது அவர்களுடைய உடைமையாவது எந்த நியாயம்?

பதிப்புச் சேவையாளர்:
உங்கள் வருத்தம் புரிகிறது, அம்மா. ஆயினும் இந்தத் தொழிலை நடத்துபவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்ல வேண்டும். மெய்ப்பு கைக்கு வந்த பிறகு அத்தியாயங்களையே மாற்றி எழுதும் எழுத்தாளர்கள் பலர். பக்கங்கள் கூடினால் நூலின் முதுகுத் தடிமன் மாறும். அட்டையையும் புதிதாக அமைக்க வேண்டும். கெடு பெரும்பாலும் அங்கேதான் தவறுகிறது. எழுத்தின் பதிப்புரிமை உங்களுடையதே. வடிவமைப்போ எங்கள் கலைஞரின் உழைப்பு. அதை மாற்றித் தருவதாக ஒப்பந்தத்தில் எழுதியிராவிட்டால் எவ்வாறு கேட்க முடியும்?

நாவலாசிரியர்:
நான் ஒரு வரியையும் மாற்றவில்லை. அவர்கள் விட்ட பிழைகளைத்தான் சுட்டிக்காட்டினேன். மரபான பதிப்பகம் தன் பணத்தை முதலீடு செய்கிறது, ஆகவே உரிமை கேட்கிறது. இங்கே முதலீடும் என்னுடையது, நட்டமும் என்னுடையது. அப்படியிருக்க, பதிப்பகத்திற்குரிய பிடியை மட்டும் நிறுவனம் வைத்துக்கொள்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

சட்டம் பயின்றவர்:
இருவரும் கோப்பைப் பற்றியே பேசுகிறீர்கள்; அதைவிடப் பெரிய சிக்கல், நூலை வெளியிட நிறுவனத்துக்கு ஆசிரியர் தரும் உரிமம் அவரிடமே திரும்பும் விதியில் இருக்கிறது. பதிப்புரிமை பற்றிய பன்னாட்டு ஒப்பந்தமான 1886-ஆம் ஆண்டின் பெர்ன் உடன்படிக்கை வழியே வந்த நெறிப்படி, பதிப்புரிமை பதிவு எதுவுமின்றியே ஆசிரியருக்கு உரியதாகிறது. ஆகவே "உரிமை உங்களுக்கே" என்று நிறுவனம் சொல்வது சலுகையன்று. நிறுவனம் பெறுவது வேறு யாரும் வெளியிட முடியாத தனியுரிமமா, எத்தனை ஆண்டுகளுக்கு என்பதையே பார்க்க வேண்டும். "நூல் அச்சில் இல்லாதபோது உரிமை திரும்பும்" என்ற பழைய வாசகம், கேட்கும்போது ஒரு படி அச்சிடும் இக்காலத்தில் பயனற்றது. நூல் எப்போதும் அச்சில் இருப்பதாகவே கணக்காகும். குறிப்பிட்ட காலத்தில் குறிப்பிட்ட படிகள் விற்காவிட்டால் உரிமை திரும்பும் என்று எழுதி வாங்குங்கள். நிறுவனத்தின் பெயரில் பெற்ற, நூலை அடையாளம் காட்டும் ஐ.எஸ்.பி.என். எண் உங்களோடு வராது. மறுபதிப்புக்குப் புதிய எண் தேவை.

பதிப்புச் சேவையாளர்:
இதை ஏற்கிறேன். ஆனால் நூல் விற்காததையே ஒப்பந்த மீறலாகச் சொல்பவர்களும் உண்டு. நாங்கள் விற்பனைக்கு உறுதி அளிப்பதில்லை.

நாவலாசிரியர்:
நான் விற்பனையைக் கேட்கவில்லை, ஐயா. அச்சான நூலைக் கேட்டேன். தொகையை மெய்ப்பு, அட்டை, அச்சு என வேலை முடிய முடியத் தவணையாகப் பெறவும், முறிவின்போது கோப்பை ஒப்படைக்கவும் உங்கள் ஒப்பந்தம் இடந்தருகிறதா?

பதிப்புச் சேவையாளர்:
தவணை உண்டு. கோப்பு ஒப்படைப்புப் பற்றி எங்கள் ஒப்பந்தத்தில் ஒரு வரியும் இல்லை, சேர்க்க வேண்டும்.